மூன்றாம் ஓலை

“ரெண்டு தபா படிச்சே. ஒரு தபாகூட உன் கொரலு நடுங்கல.”

“பூசை நடக்கசொல்லோ நடுங்க முடியுமா ரேகா?”

“இங்க எரியிற மெழுகுவத்திகூட நடுங்குது. நீ நடுங்க மாட்ட.”

நெல்சன் பெஞ்சைத் துடைத்தான். சனிக்கிழமை மதியம். ராயபுரத்து மாதா கோயிலுக்குள் அவர்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை. துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் கிளப்பிய புழுதி துணியில் கறுப்பாக ஒட்டியது. வெளியே, பெய்யவும் மனமில்லாமல் விலகவும் மனமில்லாமல் இரண்டு நாளாக வானம் மூடிக் கிடந்தது.

கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு, பூசையில் மணமக்களின் பெயரை வாசிப்பார்கள், அதுதான் ஓலை. தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லியாக வேண்டும் என்று அது முடியும். முப்பது வருடம் அதை வாசித்தவர் கோயில்பிள்ளை சவரிமுத்து, நெல்சனின் அப்பா. போன வருடம் அவருக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்ட பிறகு மணியும் மைக்கும் மகன் கைக்கு வந்தன. கோயிலுக்குப் பின்னால் இருக்கும் ஓரறை வீடும் அந்த வேலையோடு ஒட்டியதுதான். வேலை போனால் அப்பாவைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது என்று அவன் யோசிக்காத நாள் இல்லை.

ரேகாவின் அப்பாவுக்குக் காசிமேட்டில் மூன்று மீன்பிடி லாஞ்சு. கோயில் பங்கில், வேலைக்கு ஆள் வைப்பது வரை, அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. இவர்களுடைய காதல் காதுக்கு எட்டியபோது அவர் கோபப்படவில்லை, சிரித்தார். “மணி அடிக்கிறவன் நம்ம வூட்டு வாசல்ல நிக்கலாம்மா. உள்ள வந்து உக்காரக் கூடாது.” அதன்பின் மாப்பிள்ளை அமைய ஒரு மாதம்கூட ஆகவில்லை. நாளை மூன்றாம் ஓலை. புதன்கிழமை கல்யாணம்.

“போன வாரம் நான் எழுந்து நின்னேனே,” என்றாள் ரேகா. “பாத்தியா?”

துணி அவன் கையில் நின்றது. நான்காம் வரிசையில், எல்லோரும் உட்கார்ந்திருக்க, அவள் மட்டும் எழுந்தாள். வாயைத் திறந்தாள். அந்த நொடியில் அவன் கண்ணுக்குள் வந்தது அப்பாவின் கட்டில். சட்டென்று அடுத்த அறிவிப்புக்கு, தெருவாரியாக நடக்கும் அன்பிய ஜெபக்கூட்டத்துக்கு, தாவிவிட்டான். மைக் அவள் குரலை விழுங்கியது. அவளுடைய அம்மா கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்ததையும் அவன் பார்த்தான்.

“பாக்கலன்னு சொல்லு. நம்புறேன்.”

“பாத்தேன்.”

தூரத்தில் ஏதோ ஒரு கப்பல், ஆளில்லாத ஊரில் யாரையோ கூப்பிடுவதைப் போல ஊதிவிட்டு அடங்கியது.

“அன்பியக் கூட்டம் சாயங்காலம் அஞ்சு மணிக்கு நடைபெறும்,” என்றாள், அவனுடைய அறிவிப்புக் குரலிலேயே. “அதச் சொல்ல இன்னா அவசரம் நைனா உனக்கு?” சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை.

“அப்பாவ வச்சிகினு நான் இன்னா பண்ணுவேன்?”

“தெரியும். அதனாலதான் உன்ன எதுவும் சொல்லச் சொல்லல. எனக்கு சம்மதமில்ல, தடை கீதுன்னு நானே சொல்லிக்கறேன். ஃபாதர்கிட்ட தனியா சொன்னா நேரா எங்கப்பன்கிட்டதான் போவும். ஊரு காதுல வுழணும். என் வாயி, என் பேஜாரு.”

முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வாசல்வரை போனவள் அங்கேயே நின்றாள். திரும்பிப் பார்க்கவில்லை.

“நாளைக்கு ஓலையப் படிச்சிட்டு, அடுத்ததுக்குப் போவாம, பத்து எண்ற வரைக்கும் சும்மா நில்லு நெல்சா. அவ்ளோதான் கேக்கறேன். நிப்பியா?”