தட்டில் மீந்த சாண்ட்விச்

கிளியனூரில் இருக்கும் மாமியார் வீட்டுக்குப் போகிற வழியில், மரக்காணத்தில் காரை நிறுத்தச் சொன்னவள் ஷாலினிதான்.

"டீ குடிச்சிட்டுப் போலாங்க."

ரோட்டோரம் நல்ல டீக்கடையே இருந்தது. அவள் கை நீட்டியதோ உப்பளத்துக்கு எதிரே பளபளவென்று நின்ற நட்சத்திர ஓட்டலை. அவள் கணவன் தமிழரசனுக்குப் புரிந்துவிட்டது. மஸ்கட்டில் குடித்தனம் வைத்த நாளிலிருந்து அந்த ஓட்டல் கதையைக் கேட்டுக் கேட்டு அவன் காது புளித்திருந்தது.

கல்யாணத்துக்கு முன்னால் ஷாலினி அங்கே பரிமாறுகிற வேலையில் இருந்தாள். ஊழியர்களுக்கு மதியச் சோறு போட்டால் அடுத்தது ராத்திரிதான். சாயங்காலம் வருகிற விருந்தாளிகளோ மூன்றடுக்குத் தட்டு நிறைய சாண்ட்விச்சும் கேக்கும் வரவழைத்து, தொட்டும் தொடாமலும் டீயைக் குடித்துவிட்டு எழுந்து போவார்கள். மிச்சமெல்லாம் குப்பைக்கு. வயிறு காந்துகிற நேரம் என்பதால், தட்டு உள்ளே போனதும் ஆளுக்கு ஒன்றை வாயில் போட்டுக்கொள்வார்கள். மேனேஜர் தட்சணாமூர்த்தியும் அப்படித்தான். சிக்கன் சாண்ட்விச் என்றால் அவருக்கு உயிர். அந்த மகராசன்தான் ஒருநாள், ஒரு துண்டு கேக் எடுத்ததற்காக ஷாலினியை எல்லார் முன்னாலும் நிற்கவைத்து, எச்சில் பொறுக்கி என்று சொல்லி வேலையைவிட்டு விரட்டினார். அவள் வீடு போய்ச் சேருவதற்குள் அந்தச் சொல் உப்பளத்தில் கூலி வேலை செய்த அவள் அம்மா காதுக்குப் போய்விட்டது. அதைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை.

"அந்தாள அதே எடத்துல நிக்க வெச்சிப் பாக்கணும்ங்க. அப்பதான் எனக்கு மனசு ஆறும்."

உள்ளே போய் உட்கார்ந்ததும் தட்சணாமூர்த்தியே வந்து நின்றார். தொப்பை கூடியிருந்தது, தலைக்கு மை போட்டிருந்தார். "குட் ஆஃப்டர்நூன் மேடம்" என்று குழைந்தார். அவளை அடையாளம் தெரியவில்லை. நல்லதாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டாள்.

"ஆஃப்டர்நூன் டீ ரெண்டு பேருக்கு. சிக்கன் சாண்ட்விச் கொஞ்சம் தாராளமா வைங்க சார்."

தட்டு வந்தது. தமிழரசன் ஆசையாகக் கையை நீட்டினான். அவள் பட்டென்று தட்டிவிட்டாள்.

"டீ மட்டும் குடிங்க."

"பசிக்குதும்மா."

"அவருக்கும் பசிக்கும்."

கண்ணாடிக்கு வெளியே உப்புக் குவியல்கள் வெயிலில் கண்ணைக் கூசவைத்தன. அவள் ஒரு வாய் டீகூடக் குடிக்கவில்லை. கோப்பை ஆறி ஆடை படிந்தது. பிறகு தட்சணாமூர்த்தியைக் கூப்பிட்டு, "நீங்களே எடுத்துட்டுப் போயிடுங்க சார்" என்றாள். ஒரு சாண்ட்விச்கூடக் குறையாத தட்டை அவர் ஏந்திக்கொண்டு போன பவ்யத்தைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தது.

நேராக வரவேற்பறைக்குப் போனாள். அங்கே நின்ற பெண் ஜெனரல் மேனேஜரிடம், உபசாரம் பிரமாதம், உள்ளே இருப்பவர்களுக்கு நேரில் நன்றி சொல்ல வேண்டும் என்றாள். புகழ்ச்சிக்கு மயங்காதவர் யார்? அந்த அம்மாவே முன்னால் நடந்து போய்க் கதவைத் திறந்துவிட்டார்.

தட்சணாமூர்த்தி அலமாரிப் பக்கம் திரும்பி நின்றிருந்தார். இரண்டு கன்னமும் உப்பியிருந்தன. ஒரு கையில் பாதி சாண்ட்விச், மறு கையில் முழுசு. பரிமாறுகிற பெண்கள் இருவர் பார்க்காதவர்கள்போல ஸ்பூனைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

"மிஸ்டர் தட்சணாமூர்த்தி!"

அவர் விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் தவித்தார். ஷாலினிக்கு உச்சி குளிர்ந்தது.

"இதுக்கு இங்க என்ன மேடம் ரூல்?" என்று ஒன்றும் தெரியாதவள்போலக் கேட்டாள்.

"இன்னிக்கே வேலையவிட்டு அனுப்பிடுவோம். மன்னிச்சிடுங்க" என்றார் அந்த அம்மா. முகம் சிவந்துபோயிருந்தது.

தட்சணாமூர்த்தியின் கண்ணில் தண்ணீர் முட்டியது. ஷாலினி அவர் அருகில் போய் நின்றாள். யார் கொடுத்த அடி என்று தெரியாமல் அவர் போய்விடக் கூடாது.

"என்னைத் தெரியுதா சார்? ஷாலினி."

அவர் ஒருவழியாக விழுங்கினார். அவள் முகத்தை மேலும் கீழும் பார்த்தார். நடிக்கவில்லை, நிஜமாகவே தேடினார்.

"எந்த ஷாலினிங்க?"

ஸ்பூன் துடைக்கிற சத்தம் நின்றது. ஷாலினிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இத்தனை வருஷமாக அவள் தூக்கத்தைத் தின்ற ஆளுக்கு அவள் பெயர்கூட நினைவில்லை. அவள் சுவரோரம் கிடந்த ஸ்டூலைக் காலால் இழுத்து அவர் முன்னால் தள்ளினாள்.

"உக்காருடா. சொல்றேன், கேளு."