நாலு ஸ்க்ரூ

நாலு மணிக்குள் அனுப்ப வேண்டியதைப் பகல் ஒன்றே முக்காலுக்குக் கையில் எடுக்கிறவர்களைக் கண்டால் கம்ப்யூட்டருக்கே இளக்காரம் வந்துவிடும் போலிருக்கிறது. மூன்று வாரமாகப் பொழுதுக்கும் ஓடிக்கொண்டிருந்த பெட்டி, கடைசி நாள் பார்த்துப் படுத்துக்கொண்டது. பட்டனை அழுத்தினால் விசிறி சுற்றியது, பச்சை விளக்கு எரிந்தது, திரை மட்டும் கன்னங்கரேலென்று கிடந்தது. சிஸ்டர் நாலு தடவை அணைத்துப் போட்டுப் பார்த்தாள். ஐந்தாவது தடவை பக்கவாட்டில் ஒரு தட்டும் தட்டினாள். அதற்கெல்லாம் மசிகிற பெட்டி இல்லை அது.

அவள் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். தெருவிலும் மாடிப்படியிலும் காய்கறிக் கடையிலும் எல்லாருக்கும் அவள் சிஸ்டர்தான். ஆறு மணி நேரப் பயணத்தில் இருக்கும் வேறொரு ஊரில், நர்சிங் பள்ளி ஒன்றில் ஆசிரியர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். இரண்டு வருஷத்துக்கு வேலை, தங்க அறையும் உண்டு. நாற்பத்தைந்து வயதுக்கு மேல் விண்ணப்பிக்க முடியாது. அவளுக்கு அடுத்த மாதம் நாற்பத்தைந்து முடிகிறது. இன்றைக்கு விட்டால் விட்டதுதான்.

விண்ணப்பத்தோடு பன்னிரண்டு பக்கத்துக்கு ஒரு பாடத்திட்டம் எழுதி அனுப்பச் சொல்லியிருந்தார்கள். ராத்திரி டியூட்டி முடிந்து வந்து, தூங்காமல், ஒற்றை விரலால் தட்டித் தட்டி எழுதியது. அந்தப் பன்னிரண்டு பக்கமும் இந்தப் பெட்டிக்குள்தான் இருந்தது, வேறெங்கும் இல்லை. ஒரு பிரதி எடுத்து வைத்திருக்கலாமே என்று கேட்கலாம். தியேட்டரில் பஞ்சை இரண்டு தடவை எண்ணாமல் டாக்டரை வயிற்றைத் தைக்க விடாதவள் அவள். வீட்டு விஷயத்தில் அந்த எண்ணிக்கையெல்லாம் கிடையாது.

தெருமுனைக் கம்ப்யூட்டர் கடைக்காரரிடம் கேட்டாள். கொண்டு வந்து போட்டுவிட்டுப் போங்கள், நாளை மறுநாள் பார்க்கலாம் என்று ஆற அமரச் சொன்னார். அதற்கப்புறம்தான் வேறு வழியில்லாமல் கப்பல்காரருக்குப் போன் போட்டாள்.

கப்பல்காரர் அவள் புருஷன். சரக்குக் கப்பலில் எலக்ட்ரீஷியன். வருஷத்தில் எட்டு மாதம் தண்ணீரில், நாலு மாதம் வீட்டில். இப்போது கப்பல் ஏதோ ஒரு துறைமுகத்துக்கு வெளியே முறைக்குக் காத்து நின்றுகொண்டிருந்தது, அதனால் சிக்னல் நன்றாகக் கிடைத்தது. கல்யாணமாகி இருபது வருஷத்தில் இவர்கள் வீட்டுக்குள் மெக்கானிக் என்று ஒருவர் கால் வைத்ததில்லை. குழாய், வாஷிங் மெஷின், காலிங் பெல் எல்லாம் போனிலேயே சரியாகும். அவர் ஒரு வேலையைச் சொல்வார். அவள் அதை அப்படியே திருப்பிச் சொல்வாள், செய்வாள், "ஆச்சு" என்பாள். பிறகுதான் அடுத்தது. கப்பலில் அப்படித்தானாம். ஆபரேஷன் தியேட்டரிலும் ஏறக்குறைய அப்படித்தான் என்பதால் அவளுக்கு இது உறுத்தவில்லை. அவர் வாயால் ரிப்பேர் பண்ணுகிறார், இவள் கையால் பண்ணுகிறாள் என்று எதிர்வீட்டுக்காரி கேலி செய்வாள்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். மனுஷர்கள் விஷயத்தில் கப்பல்காரர் வாய் கூசாமல் புளுகுவார். மச்சினியின் பாட்டு பிரமாதம் என்பார், தூங்கிக்கொண்டே கேட்டிருப்பார். ஆனால் மெஷின் விஷயத்தில் மட்டும் அவர் வாயிலிருந்து பொய் வராது. தெரியாததைத் தெரியாது என்பார், பிழைக்காததைப் பிழைக்காது என்பார். சிஸ்டர் அவரிடம் முழுசாக நம்பியது அந்த ஒன்றைத்தான்.

அன்றைக்கும் உற்சாகமாகத்தான் ஆரம்பித்தார். சுவர் பிளக்கைக் கழற்றி அதில் மேசை விளக்கைப் போட்டுப் பார்க்கச் சொன்னார், எரிந்தது. பெட்டியின் பின்பக்கச் சுவிட்சைப் பார்க்கச் சொன்னார், போட்டபடிதான் இருந்தது. திரைக்குப் போகும் ஒயரைப் பிடுங்கிச் செருகச் சொன்னார். எல்லாம் ஆச்சு. அப்படியே பேச்சுவாக்கில், என்ன இவ்வளவு அவசரம், சாயங்காலம் பார்க்கக் கூடாதா என்று கேட்டார்.

அவள் சொல்லிவிட்டாள். சொல்லக் கூடாது என்றுதான் மூன்று வாரமாக வாயைக் கட்டிக்கொண்டிருந்தாள். ஆனால் ஒவ்வொரு வேலையாக நிஜம் சொல்லிக்கொண்டு வருகிறபோது நடுவில் ஒரு பொய்யைச் செருக அவளுக்கு வரவில்லை. நர்சிங் பள்ளி, இரண்டு வருஷம், நாலு மணி என்று மூன்றே வார்த்தையில் சொன்னாள்.

லைன் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தாள், போகவில்லை.

இதே வேலைக்கு ஆறு வருஷம் முன்பும் ஆள் எடுத்தார்கள். அப்போது அவர் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. "நான் இறங்கி வர்றப்போ வீட்டுல விளக்கு எரியணும், அது போதும் எனக்கு" என்று மட்டும் சொன்னார். ஒரு அதட்டலுக்குப் பதில் சொல்லலாம், இதற்கு என்ன பதில் சொல்வது? விண்ணப்பத்தை மடித்து வைத்துவிட்டாள். இன்று மகளும் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போயாகிவிட்டது. சிஸ்டரும் போனால் வீடு பூட்டித்தான் கிடக்கும்.

"சரி, மூடியைக் கழட்டு" என்றார் கப்பல்காரர் கடைசியில். குரலில் ஒன்றும் தெரியவில்லை.

மூடியைக் கழற்றிவிட்டுப் பட்டனை அழுத்தினாள். பெட்டி நீளமாக மூன்று முறை கத்தியது. நிறுத்தி, மறுபடியும் மூன்று முறை. முன்னேயும் கத்தியிருக்கும், பதற்றத்தில் அவள் காதில் விழவில்லை. போனைப் பக்கத்தில் கொண்டுபோய்க் காட்டினாள். ஒரே இரைச்சலாக இருக்கிறது, விசிறிச் சத்தம்தான் கேட்கிறது, அதை விடு என்றார். பிறகு, மதர்போர்டில் காசு மாதிரி ஒரு வட்ட பேட்டரி இருக்கும், அதைக் கழற்றிப் பத்து நிமிஷம் சும்மா வை என்றார்.

கழற்றி வைத்தாள். பத்து நிமிஷம் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்ப மாட்டினாள், ஒன்றும் ஆகவில்லை. ஹார்ட் டிஸ்க் ஒயரைப் பிடுங்கு என்றார். பிடுங்கினாள், பார்த்தாள், திரும்பச் செருகினாள். முன்பக்கப் பட்டனின் ஒயரில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கச் சொன்னார். பொடி எழுத்து, கண்ணாடியைத் தேடி எடுத்துப் படித்தாள். மணி மூன்று ஆகிவிட்டது.

கண்ணாடியைக் கழற்றும்போதுதான் அவளுக்கு உறைத்தது. இரண்டு வருஷம் முன்பும் இந்தப் பெட்டி இதேபோல விசிறி சுற்றி, திரை இருண்டு, மூன்று முறை கத்தியது. அன்றைக்கு அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. கத்தினால் ரேம்தான், பத்துக்கு எட்டு அதுதான், வேறெதையும் தொடுவதற்கு முன் அதைக் கழற்றி ரப்பரால் தேய்த்து மாட்டு என்றார். ரேம் என்பது விரல் நீளத்துக்கு ஒரு பச்சைத் தகடு. மாட்டியதும் பெட்டி எழுந்து உட்கார்ந்தது. அவள் மறந்தாலும் மறப்பாள். இதையே தொழிலாக வைத்திருக்கிறவர் ஒரு மணி நேரமாக எல்லாவற்றையும் சொல்கிறார், அதை மட்டும் சொல்லவில்லை.

முதலில் கோபம் வரவில்லை. எண்ணின பஞ்சில் ஒன்று குறைந்தால் வருமே, அந்தத் திகில்தான் வந்தது. மறுபடி மனசுக்குள் வரிசையாக எண்ணிப் பார்த்தாள். குறைந்துதான் இருந்தது.

"இப்ப பவர் சப்ளைய வெளிய எடுக்கணும்" என்றார் அவர். "பின்பக்கம் நாலு ஸ்க்ரூ. இடது மேல இருக்கறத முதல்ல கழட்டு."

"பின்பக்கம் நாலு ஸ்க்ரூ. இடது மேல இருக்கறத முதல்ல கழட்டறேன்" என்று சொன்னாள். சொல்லிவிட்டு ஸ்பீக்கரைப் போட்டுப் போனை மேசை ஓரத்தில் வைத்தாள். பிளக்கைப் பிடுங்கினாள். ரேமின் இரண்டு முனையிலும் இருந்த கொக்கிகளை விலக்கி அதை வெளியே எடுத்தாள். மகள் விட்டுப்போன ஜாமெட்ரி பாக்ஸில் பாதி தேய்ந்த ரப்பர் ஒன்று இருந்தது. தங்க நிறப் பற்களைப் பளிச்சென்று ஆகும்வரை தேய்த்து, ஊதி, பழைய இடத்தில் வைத்து அழுத்தினாள். டக்கென்று உட்கார்ந்தது. பிளக்கைச் செருகிப் பட்டனை அழுத்தினாள்.

ஒரே ஒரு பீப், சின்னதாக. திரை வெளிச்சமானது.

எழுந்துடுச்சு என்று சொல்ல வாயெடுத்தவள் அப்படியே நிறுத்திக்கொண்டாள். சொன்னால் அவர் பேச ஆரம்பிப்பார். அதட்ட மாட்டார், விளக்கு எரியணும் என்பதுபோல ஏதாவது ஒன்றைத்தான் சொல்வார், அவள் மறுபடி தோற்றுப் போவாள். தன்னை அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"ஆச்சு" என்றாள்.

"அடுத்தது வலது மேல. கொஞ்சம் இறுக்கமா இருக்கும், அவசரப்படாம கழட்டு."

"வலது மேல. அவசரப்படாம கழட்டறேன்."

அதற்கப்புறம் நடந்ததை வெளியிலிருந்து யாராவது பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள். கடலில் இருந்து ஒருவர் ஒவ்வொரு ஸ்க்ரூவாகச் சொல்லிக்கொண்டு வந்தார். இங்கே ஒருத்தி ஸ்க்ரூடிரைவரைத் தொடாமலே ஒவ்வொன்றையும் கழற்றினாள். கீபோர்டு சத்தம் கேட்டுவிடக் கூடாதென்று பாஸ்வேர்டை ஒவ்வொரு எழுத்தாக, பச்சைப் புண்ணைத் தொடுவதுபோலத் தட்டினாள். பெயர், வயது, சர்வீஸ். நாலு ஸ்க்ரூவும் கழன்ற பிறகு ஒயர்களின் நிறத்தைக் கேட்டார், சிவப்பு மஞ்சள் கறுப்பு என்று வாய்க்கு வந்ததைச் சொன்னாள். சரியாகத்தான் சொல்கிறாய் என்றார். பாடத்திட்டத்தை இணைத்தபோது மணி மூன்று முப்பத்தாறு. கடைசிப் பட்டனை அழுத்தியபோது மூன்று நாற்பத்தொன்று. விண்ணப்பம் கிடைத்தது என்று ஒரு வரி, அதற்குக் கீழே ஒரு எண். எண்ணை ஒரு காகிதத்தில் எழுதினாள், ஒரு தடவை சரிபார்த்தாள், இன்னொரு தடவையும் சரிபார்த்தாள்.

இப்போது கோபம் வந்தது. நன்றாகவே வந்தது. காது சூடாகிவிட்டது.

"அனுப்பியாச்சு" என்றாள். "மூணு நாப்பத்தொண்ணுக்குப் போயிடுச்சு. நான் ஒரு ஸ்க்ரூவும் கழட்டல."

"தெரியும்" என்றார் அவர். "ஒரு பீப் கேட்டுச்சு."

"எப்ப?"

"முதல் ஸ்க்ரூ சொன்னப்பவே. அதுக்கப்புறம் என்ன சொல்றதுன்னு தெரியல. நிறுத்தினா நீயும் நிறுத்திடுவியோன்னு இருந்துச்சு. அதான் ஸ்க்ரூவையே சொல்லிட்டிருந்தேன்."

சிஸ்டர் நாற்காலியில் சாய்ந்தாள். கோபம் இறங்கவில்லை, ஆனால் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றது. அரை மணி நேரம் இருவரும் இல்லாத ரிப்பேரை ஒழுங்காக முறைப்படி பார்த்திருக்கிறார்கள். அவள் ஏமாற்றுவதாக நினைத்த அத்தனை நேரமும் அவர் கூடவே வந்திருக்கிறார். ஆனால் அதற்கு முந்தின ஒரு மணி நேரம் இருக்கிறதே.

"முன்னாடி மூணு தடவை கத்துச்சே" என்று கேட்டாள். "அதுவும் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

புளுகியிருக்கலாம். இரைச்சல், காற்று, கப்பல் சத்தம் என்று எதையாவது சொல்லியிருக்கலாம், அவளும் நம்பினாலும் நம்பியிருப்பாள். அவர் சொல்லவில்லை. அவளும் பரவாயில்லை என்று சொல்லவில்லை. பரவாயில்லை என்று விடுகிற விஷயம் இல்லை அது. இனிமேல் குழாய் ஒழுகினால்கூட அவர் சொல்வதை ஒரு தடவை யோசித்துத்தான் செய்வாள். அது அவருக்கும் தெரிந்திருக்கும்.

"கிடைச்சிருச்சுன்னா" என்று கொஞ்சம் கழித்துக் கேட்டார், "வீட்டுச் சாவிய யாருகிட்ட குடுத்துட்டுப் போவே?"

"எதுக்கு யாருகிட்டயும் குடுக்கணும்? உங்ககிட்ட ஒண்ணு இருக்குல்ல."

கல்யாணமான புதிதில் அவளே கொடுத்த சாவி அது. இருபது வருஷமாக அவர் வந்து காலிங் பெல்லைத்தான் அடித்திருக்கிறார், கதவு உள்ளேயிருந்துதான் திறந்திருக்கிறது.

"எங்க வச்சேன்னே ஞாபகம் இல்ல" என்றார். "துணிப் பெட்டியில தேடிப் பாக்கறேன்."

போனை வைக்கவில்லை. பூட்டைத் திறக்கும் சத்தமும், துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைக்கும் சத்தமும் கேட்டது. சிஸ்டர் அவசரப்படுத்தாமல் காத்திருந்தாள்.