பன்னிரண்டு மணிச் சொட்டு

நாத்தனார் பூங்கனி செம்பை முத்துக்கனியின் தலைக்கு மேலே தூக்கிவிட்டாள். தண்ணீர் சரிவதற்குள் முத்துக்கனி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"தலையில வேண்டாம். கழுத்துக்குக் கீழ ஊத்து."

"மைனி, செத்தது எனக்க அண்ணன். தலை நனையாம அவன எப்பிடி அனுப்ப?"

"அவரு தலைய நல்லா நனைச்சாச்சுல்லா. எனக்க கண்ணுல தண்ணி படப்பிடாது."

மகள் ஜிஷா துண்டோடு நின்றாள். அம்மாவுக்கு இருப்பதே ஒரு கண். மற்றது சின்ன வயதில் மாடு முட்டிப் போனது. ஆறு மாதத்துக்கு முன் அந்த ஒரு கண்ணில் புரை எடுத்தார்கள். எடுத்த வாரமே வலி. கண்ணுக்குள் ஊறும் நீர் முன்னால் வடியாமல் பின்பக்கம் திரும்பித் தேங்குகிறது என்றார் டாக்டர். லட்சத்தில் ஒருவருக்கு வருமாம், பெயர் மாலிக்னன்ட் கிளாக்கோமா. சொட்டு மருந்தை நிறுத்தினால் பார்வை போய்விடும்.

அந்த முதல் வார்த்தையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் கேன்சர் என்று பூங்கனி நாகர்கோவில் வரைக்கும் பரப்பினாள். கடை போடும் அளவுக்கு ஆப்பிள் வந்து குவிந்தது. ஊரே முத்துக்கனிக்காக ஒருமுறை அழுது பார்த்துவிட்டுப் போனது. கடைசியில் போனது, தனக்கென்று ஒரு மாத்திரைகூட விழுங்காத அவள் புருஷன் பகவதியப்பன். இன்று காலை பல் தேய்த்துக்கொண்டு நின்றவர் அப்படியே சாய்ந்துவிட்டார்.

சொட்டு விடுவது அவர் வேலை. பேச்சிப்பாறை அணையில் மதகு திறப்பவர்கூட அத்தனை பதனமாகத் திறந்திருக்க மாட்டார். அவர் நாற்காலியில் அமர, மனைவி கீழே உட்கார்ந்து அவர் முழங்காலில் தலையைச் சாய்க்க வேண்டும். சொட்டு விழுந்ததும் கண்ணை மூடி, மூக்கோரத்தை விரலால் அழுத்த வேண்டும். ஐந்து நிமிடம் அழுகை, சிரிப்பு, மாமியார் பேச்சு எதுவும் கூடாது. நேரம் சொல்ல அவர் போனில் சேவல் கூவும். ஐந்து நிமிடம் முடிந்ததும் இன்னொரு தடவை கூவும்.

முற்றத்தில் பகவதியப்பனைப் பெஞ்சில் சம்மணமிடவைத்து, வடக்கே பார்க்க அமர்த்தியிருந்தார்கள். அய்யாவழிக்காரர்களை அப்படியே உட்காரவைத்துத்தான் அடக்குவார்கள். நெற்றியில் நாமம் பளிச்சென்றிருந்தது.

"ஒரு சொட்டுக் கண்ணீர் இல்ல, பாத்தியளா?" பூங்கனி பெண்களிடம் சொன்னாள்.

"ஏட்டி, கேன்சருன்னு எனக்காவ அழுதியே, அத இப்பம் ஒனக்க அண்ணனுக்குன்னு வச்சுக்கோ."

ஒருத்தி சிரிப்பை முந்தானைக்குள் அடக்கினாள்.

உடலை எடுக்க ஆட்கள் குனிந்தபோது, ஜிஷாவின் கையிலிருந்த அப்பாவின் போனில் சேவல் கூவியது. மணி பன்னிரண்டு.

"நில்லுங்க," என்றாள் முத்துக்கனி.

"பொணத்த வச்சுட்டு மருந்தா?" பூங்கனியின் குரல் கீச்சிட்டது. "நாலு பேரு என்ன சொல்லுவா?"

"சொல்லட்டு. ஆறு மாசம் அவரு காத்த கண்ணு இது. ஒனக்க ஒப்பாரிக்குக் குடுக்க மாட்டேன்."

முத்துக்கனி பெஞ்சுக்குக் கீழே உட்கார்ந்து, மடிந்திருந்த அந்த முழங்காலில் தலையைச் சாய்த்தாள்.

"விடு மக்கா."

ஜிஷா மருந்துக் குப்பியைத் திறந்து சாய்த்தாள். முதல் சொட்டு கன்னத்தில் விழுந்தது.

"அப்பாக்கும் மொத நாளு அங்கதான் விழுந்து. மறுபடி விடு."

இரண்டாவது சரியாக விழுந்தது. முத்துக்கனி கண்ணை மூடி, மூக்கோரத்தை விரலால் அழுத்தினாள். கூட்டம் வாயை மூடிக்கொண்டு நின்றது. பூங்கனிகூட.

சேவல் மறுபடியும் கூவியது.

"முடிஞ்சுதா மைனி?" பூங்கனி மெதுவாகக் கேட்டாள்.

முத்துக்கனி விரலை எடுக்கவில்லை, அந்த முழங்காலிலிருந்து தலையையும்.