கோகிலவாணியின் சுருள்முடி

வெள்ளிக்கிழமை என்றால் தைலம்மாள் வீட்டு வாசலில் செருப்பு விட இடமிருக்காது. மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகிறவர்கள்கூட மாட்டை நிறுத்தி, உள்ளே வந்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் போவார்கள். கூடத்தில் மணைப்பலகைமேல் உட்கார்ந்திருப்பது தைலம்மாளின் மருமகள் கோகிலவாணி. எல்லோரும் கும்பிட வந்தது அவளுடைய தலைமுடியை.

போன வருஷம் அந்தத் தலையில் ஒரு முடி கிடையாது. கழுத்தில் கட்டி வந்தது. புதுச்சேரி பெரியாஸ்பத்திரியில் அதைப் புற்றுநோய் என்று சொல்லி, மாதக்கணக்கில் மருந்து ஏற்றினார்கள். இடுப்புக்குக் கீழே தொங்கிய நேர்முடி கொத்துக் கொத்தாகத் தலையணையில் உதிர்ந்தது. ஊரில் யாரும் அவளை எந்த விசேஷத்துக்கும் கூப்பிடவில்லை. தைலம்மாள் மட்டும் அவளைக் கைவிடவில்லை. மொட்டைத் தலைக்குத் தினமும் எண்ணெய் தடவி, தன் நூல்சேலையைக் கிழித்து முக்காடு கட்டிவிட்டாள்.

மருந்து முடிந்து சில மாதத்தில் முடி முளைத்தது. முதலில் பச்சைக் குழந்தையின் பூனைமுடி போல இருந்தது. பிறகு வளைந்தது, சுருண்டது, தலை முழுக்கச் சுருள் சுருளாக நின்றது. கோகிலவாணியின் தாய்வீட்டில் யாருக்குமே சுருட்டை முடி கிடையாது. தைலம்மாள் விரலை விட்டுப் பார்த்தாள். ஒவ்வொரு கற்றையும் மோதிரம் மாதிரி விரலைச் சுற்றிக்கொண்டது. அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போயிற்று. போய்விடும் என்று நினைத்த உயிர், புது முடியோடு திரும்பி வந்திருக்கிறது. இதைப் பார்த்து வியக்காமல் வேறு எதைப் பார்த்து வியப்பது?

வியந்ததோடு விட்டிருக்கலாம். அவள் விடவில்லை. “மாரியாத்தா சடையா வந்து எறங்கியிருக்கா” என்று நாலு பேர் காதில் போட்டுவிட்டாள். சடை விழுந்த தலைக்குச் சீப்பு ஆகாது, எண்ணெய் ஆகாது, மஞ்சள்தண்ணீர்தான் என்பது அந்தப் பக்கத்து வழக்கம். அதையெல்லாம் அந்த அப்பாவித் தலைமேல் ஏற்றினார்கள். பரிசோதனைக்கு விடாமல் வரச் சொல்லியிருந்தது ஆஸ்பத்திரி. சாமி இருக்கிற உடம்பில் ஊசி குத்தலாமா என்று ஊர் கேட்டது. தைலம்மாளும் தலையாட்டினாள். கோகிலவாணியை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நோயாளியாக இருந்தபோது பத்தடி தள்ளி நின்ற எதிர்வீட்டுப் பூமாலை, இப்போது அவள் கால் கழுவிய தண்ணீரைச் சொம்பில் வாங்கிப் போனாள்.

இட ஒதுக்கீடு கேட்டு ஊர் ஊராகச் சாலை மறியல் நடந்த புரட்டாசி அது. ஒரு நாள் காலையில் மருமகளின் தலைக்கு மஞ்சள்தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள் தைலம்மாள். சுருளுக்குள் அளைந்த விரல்கள் பிடரிக்கு இறங்கின. காதுக்குக் கீழே புளியங்கொட்டை அளவில் ஏதோ தட்டுப்பட்டது.

“கோகிலா, இது இன்னா?”

கோகிலவாணி தலையை நிமிர்த்தவில்லை. “எனக்கு முன்னயே தெரியும் அத்தை.”

“ஏன் சொல்லல?”

“சொன்னா, சாமிக்கே சீக்கான்னு கேப்பாங்க. நீங்கதான் ஊர் முன்னால தலைகுனிஞ்சி நிக்கணும்.”

தன் மானத்தைக் காப்பாற்ற இந்தப் பெண் வாயைக் கட்டிக்கொண்டு சாகத் துணிந்திருக்கிறாளே என்று நினைத்த தைலம்மாள், சொம்பைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

மறியலுக்குப் போயிருந்த மகன் வீரமுத்து, கோகிலவாணியின் புருஷன், ஆள் அனுப்பியதும் ஓடி வந்தான். “மரத்த வெட்டி ரோட்டுல போட்டுக்கீறோம்மா. ஒரு பஸ்ஸு கெடையாது. மறியல் முடியட்டுமே.”

“ரோட்ட நீங்க மறிச்சிட்டீங்க. இவ கழுத்துல வளர்றத யார்ரா மறிக்கறது? வண்டியக் கட்டு.”

மெயின் ரோட்டில் புளியமரம் ஒன்று குறுக்கே கிடந்தது. அதன்மேல் உட்கார்ந்திருந்த வாலிபர்கள் வண்டியில் இருந்தவளைப் பார்த்ததும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்தார்கள். “சாமி வந்துக்கீது” என்றான் ஒருவன். “நம்ம போராட்டம் ஜெயிக்கும்னு ஒரு வாக்கு சொல்லச் சொல்லுங்க ஆயா.”

சொந்த ஊர்ப் பிள்ளைகள். வெள்ளிக்கிழமை தவறாமல் தன் வீட்டு வாசலில் நின்றவர்கள். தைலம்மாள் வண்டியைவிட்டு இறங்கினாள்.

“இவ சாமி இல்லப்பா. என் மருமவ. நான்தான் சாமின்னு கெளப்பி வுட்டேன். கட்டி திரும்பி வந்துக்கீது. வழி வுடுங்க.”

ஆளுக்கொரு கிளையைப் பிடித்து மரத்தை நகர்த்தினார்கள். வண்டி போனது. மறியல் இல்லாத இடத்தில் ஒரு லாரிக்காரர் ஏற்றிக்கொண்டார்.

பெரியாஸ்பத்திரி வார்டுக்குள் நுழைந்ததும் தைலம்மாள் அப்படியே நின்றுவிட்டாள். சில தலைகள் மொட்டையாக இருந்தன. முடி முளைத்த தலைகளில் பலவற்றில் சுருள். பள்ளிக்கூடப் பெண் ஒருத்திக்கு, முக்காடு நழுவிய ஒரு பாய் வீட்டு அம்மாவுக்கு, மீன்காரி ஒருத்திக்கு, ஓரக் கட்டிலில் இருந்த ஒரு வயசான அம்மாளுக்கு. எல்லாம் மருமகளின் தலையில் பார்த்த அதே சுருள்.

“மருந்து முடியோட வேர்க்கால் வரைக்கும் போகுது” என்றார் டாக்டரம்மா. “திரும்ப மொளைக்கும்போது அதனால சில பேருக்குச் சுருட்டையா வரும், சில பேருக்கு நெறம்கூட மாறும். போகப் போகப் பழையபடி ஆனாலும் ஆகும்.”

தைலம்மாளின் வியப்பு குறையவில்லை, பெருகியது. என்ன சாதி, எந்தச் சாமி என்று கேட்காமல் இத்தனை பேர் தலையிலும் முளைத்திருக்கிறதே என்று கைகூப்பத் தோன்றியது.

கட்டியைச் சோதித்துப் பார்த்த டாக்டரம்மா, இன்னும் தாமதித்திருந்தால் கஷ்டம், இப்போது மருந்துக்குக் கேட்கும் என்றார். முடி மறுபடியும் கொட்டும் என்றும் சொன்னார்.

கோகிலவாணி மாமியாரின் கையைப் பிடித்தாள். “திரும்ப மொட்டையா போனா, சாமி மலையேறிடுச்சும்பாங்க அத்தை.”

“ஏறட்டும். நீ எறங்கி வூட்டுக்கு வா, எனக்கு அது போதும்.” தைலம்மாள் இடுப்பிலிருந்து சீப்பை எடுத்து, இத்தனை நாள் சிக்கேறிக் கிடந்த சுருளைப் பதமாகப் பிரிக்கத் தொடங்கினாள். “அதிசயத்தப் பாத்தா கும்புடலாம் கோகிலா, தப்பில்ல. கும்புட்டுக்கினே வைத்தியத்த வுட்டேன் பாரு, அதான் தப்பு. உசுரு இருந்தாத்தான்டி முடி மொளைக்கும்.”