சீட்டக்காவின் தடைசெய்யப்பட்ட தொழில்

பள்ளிக்கூடம் திறக்கப் பதினோரு நாள்தான் இருந்தது. அந்தத் திங்கட்கிழமை காலையில் சீட்டக்கா போனை எடுத்தால் ஒரு மின்னஞ்சல். "உங்கள் வணிகம் தடைசெய்யப்பட்ட வகையைச் சேர்ந்தது. உங்கள் கணக்கு நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது." கீழே நன்றி வேறு. ஒருத்தியின் வயிற்றில் அடித்துவிட்டு நன்றி சொல்கிற மரியாதையை இவர்களுக்கு யார் கற்றுக்கொடுத்தார்களோ. சீட்டு விற்கிறவளுக்கே சீட்டைக் கிழித்துவிட்டார்கள்.

அப்படி என்ன தடைசெய்யப்பட்ட தொழில் செய்துவிட்டாள்? குழந்தைகளின் சட்டைக் காலரில் தைக்கிற பெயர்ச்சீட்டு அடிக்கிறாள். சாட்டின் நாடாவில் பெயரும் வகுப்பும் அச்சாகி வரும். அதைத் துண்டு துண்டாக வெட்டி, ஓரம் பிரியாமல் சூடு காட்டி, உறையில் போட்டு அனுப்புவாள். நோட்டில் ஒட்டுவதற்கு ஒன்று, தண்ணீர் பாட்டிலில் ஒட்டுவதற்கு ஒன்று. தெருவில் எல்லாரும் சீட்டக்கா என்று கூப்பிட, அதையே கடைக்கும் பெயராக வைத்து இணையத்தில் ஒரு பக்கம் திறந்தாள். வருஷத்தில் பாதி நாள் ஈ ஓட்டுகிற வியாபாரம். பள்ளி திறப்பதற்கு முந்தைய இரண்டு வாரத்தில் வருவதை வைத்துத்தான் மிச்ச மாதங்களில் அடுப்பெரியும். பார்த்து அந்த இரண்டு வாரத்தில்தானா அடைக்க வேண்டும்?

அவளுடைய பக்கத்தில் கார்டு மூலம் பணம் வாங்கிக் கொடுப்பது ஒரு பேமெண்ட் கம்பெனி. பணம் கட்ட அமுக்குகிற அவர்கள் பட்டனை நிறுத்தினால் கடையின் ஷட்டரை இறக்கியது மாதிரிதான். உதவி எண்ணுக்கு அடித்தால் ஒரு பதிவுக் குரல் ஒன்றை அமுக்கு, இரண்டை அமுக்கு என்று ஊரெல்லாம் சுற்றிக் காட்டிவிட்டு, புறப்பட்ட இடத்திலேயே கொண்டு வந்து விட்டது. வாடகைப் பத்திரம் கேட்டார்கள், அனுப்பினாள். கடையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார்கள், மெஷினோடு தன்னையும் சேர்த்து எடுத்து அனுப்பினாள். எதை அனுப்பினாலும் 'பரிசீலனையில் உள்ளது' என்று ஒரே பதில். கிளிப்பிள்ளைகூட இரண்டு வார்த்தை மாற்றிப் பேசும்.

இதற்குள் அம்மாக்கள் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். "பட்டன் அமுங்கவே மாட்டேங்குதே. நேத்தே வாங்கியிருக்கணும்" என்றாள் ஒருத்தி. பேங்க் கணக்கு எண்ணைக் கொடுத்துப் பார்த்தாள் சீட்டக்கா. யோசித்துச் சொல்கிறேன் என்றவர்கள் யாரும் திரும்பக் கூப்பிடவில்லை. முன்பின் தெரியாதவள் கணக்கில் யார் பணம் போடுவார்கள்? அவளே போட மாட்டாள். அது தெரிந்ததால் எரிச்சல் இன்னும் கூடியது.

வியாழக்கிழமை ஒருவழியாக ஒரு மனுஷக் குரல் கிடைத்தது. பரிசீலனைப் பிரிவில் இருக்கிற பெண். நல்லவேளையாகத் தமிழ் பேசினாள்.

"மேடம், உங்க பக்கத்துல சீட்டுங்கிற வார்த்தை நாப்பத்திரண்டு இடத்துல இருக்கு."

"சீட்டு விக்கிற கடையில சீட்டுன்னு எழுதாம வேற என்னம்மா எழுதுவாங்க?"

"நான் படிக்கிறேன், கேளுங்க. 'முன்பணம் கட்டுங்க, சீட்டு வீடு தேடி வரும்.' 'நூறு சீட்டு எடுத்தா பத்து சீட்டு இலவசம்.' எங்க மெஷினுக்குத் தெரிஞ்ச சீட்டு ரெண்டே ரெண்டுதான். ஒண்ணு ஆடுறது, இன்னொண்ணு பிடிக்கிறது."

அந்த இரண்டு வரியும் சீட்டக்காவே உட்கார்ந்து யோசித்து எழுதியவை. பார்க்கிறவர்களிடம் எல்லாம் படித்துக் காட்டிப் பெருமைப்பட்டிருக்கிறாள்.

"சரி, சீட்டுப் பிடிக்கிறவளாவே இருந்துட்டுப் போறேன். உங்களுக்கு என்ன நஷ்டம்?"

"நஷ்டம் எங்களுக்குத்தான் மேடம். ஒருத்தர் எல்லார்கிட்டயும் பணம் வாங்கிட்டு ஓடிட்டார்னு வைங்க. கட்டினவங்க கார்டு குடுத்த பேங்க்ல போய்த் திருப்பிக் கேப்பாங்க. பேங்க் எங்க கழுத்தைப் பிடிக்கும். ஓடினவரை நாங்க எங்க போய்த் தேடுறது? சூதாட்டத்துக்கு வழி விட்டோம்னா அபராதம் வேற. அதனால சந்தேகம் வந்தா முதல்ல மூடிடுவாங்க. கேள்வி எல்லாம் அப்புறம்தான்."

"அந்த அப்புறம் எப்போம்மா வரும்? எனக்குப் பள்ளிக்கூடம் திறந்துடும்."

"ரெண்டு வேலை நாள் குடுங்க. இது பெயர்ச்சீட்டுன்னு நான் எழுதி வைக்கிறேன். அதுவரைக்கும் வேற எதுவும் செய்யாம இருங்க."

இரண்டு வேலை நாள் என்றால் நடுவில் சனியும் ஞாயிறும். நான்கு நாள் போனால் மிஞ்சுவதும் நான்கு நாள். வியாபாரத்தின் உச்சமே அந்தச் சனி ஞாயிறுதான். அந்தப் பெண்ணுக்கு அது எங்கே தெரியப்போகிறது?

இரண்டு தெரு தள்ளித் தம்பியின் தையல் கடை. பள்ளிச் சீருடை தைக்கிறான், அவன் மனைவி துணி வெட்டித் தருகிறாள். அவர்களுக்கும் இணையத்தில் பக்கம் உண்டு, அதே கம்பெனியின் பட்டனும் உண்டு. அவர்களுக்கும் இதே இரண்டு வாரம்தான் பிழைப்பு. அன்று சாயங்காலம் அங்கே போய் உட்கார்ந்து புலம்பித் தீர்த்தாள்.

"இதுக்கா இவ்ளோ கவலை? என் பக்கத்துல உன் சீட்டையும் சேத்து விடுக்கா. பணம் எனக்கு வந்தா என்ன, உனக்கு வந்தா என்ன" என்றான் தம்பி.

அவன் மனைவி கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "வேணாம் அண்ணி. அவங்கதான் எதுவும் செய்யாதீங்கன்னு சொன்னாங்களாமே. ரெண்டு நாள் பொறுத்துப் பாக்கலாம்."

"பொறுத்துப் பொறுத்துத்தான் இந்தக் கதிக்கு வந்திருக்கேன். நீ வெட்டுற வேலையைப் பாரும்மா" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டாள். நல்லது சொன்னவளிடம் கோபத்தைக் காட்டுகிறோம் என்று அப்போது உறைக்கவில்லை.

அன்று இரவே தம்பியின் பக்கத்தில் தன் சீட்டை ஏற்றி, கூப்பிட்ட அம்மாக்களை எல்லாம் அங்கே அனுப்பினாள். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் மெஷின் ஓயவில்லை. நாடா தீர்ந்து இரண்டு தடவை ஓடிப் போய் வாங்கி வந்தாள். அந்தக் கம்பெனிக்காரன் முகத்தில் கரி பூசிவிட்டோம் என்று தனக்குள் சிரித்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலையில் அந்தப் பெண்ணே கூப்பிட்டாள். குரலில் வியாழக்கிழமை இருந்த கனிவு இல்லை.

"மேடம், வெள்ளிக்கிழமையே உங்க கணக்கைத் திறக்கச் சொல்லி எழுதிட்டேன். இன்னைக்குக் காலையில திறந்திருக்கும். அதுக்குள்ள உங்க சீட்டு இன்னொரு கணக்குல விக்குதுன்னு மெஷின் காட்டிடுச்சு."

"அது என் தம்பி கணக்குதாம்மா. கூடப் பிறந்தவன்."

"நம்புறேன் மேடம். ஆனா நாங்க அடைச்சதும் இன்னொருத்தர் பேர்ல பணம் வாங்குறது மோசடிக்காரங்க செய்யுற வேலை. சீட்டுன்னா என்னன்னு விளக்கம் எழுதலாம். இதுக்கு நான் என்னன்னு எழுதுறது? ரெண்டு கணக்கையும் மொத்தமா மூடிட்டாங்க. ரெண்டு பேர் பேரும் சேக்கக் கூடாதவங்க பட்டியல்ல ஏறிடுச்சு. மத்த கம்பெனிங்களும் அந்தப் பட்டியலைப் பாத்துட்டுத்தான் சேத்துப்பாங்க. அஞ்சு வருஷத்துக்குப் பேர் அதுலயேதான் இருக்கும்."

"என் பேரு இருந்துட்டுப் போகட்டும். அவன் பேருமா?"

"அடுத்தவங்களுக்காகப் பணம் வாங்கினது அவர்தானே மேடம். அவர் பேர்தான் முதல்ல இருக்கு."

தம்பி கடைக்கு நடக்கிற இரண்டு தெருவும் அவளுக்கு முடியவே இல்லை. பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டு போனாள். உள்ளே தையல் மெஷினில் ஒரு சீருடைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தான் தம்பி. தைத்து முடித்த சட்டைகள் பெஞ்சில் இடுப்புயரம் இருந்தன.

"வாக்கா. காலையிலேர்ந்து ஒரு ஆர்டர்கூட வரல. நெட்டு மக்கர் பண்ணுது போல" என்றான், தலையைத் தூக்காமலே.

அவன் மனைவி மட்டும் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள். "என்ன அண்ணி, உங்க தொழில் என்னன்னு அவங்களுக்கு இப்பவாவது புரிஞ்சுதா?"

"வெள்ளிக்கிழமையே புரிஞ்சுடுச்சாம்" என்றாள் சீட்டக்கா. "அவனைக் கொஞ்சம் மெஷினை நிறுத்தச் சொல்லும்மா."