கட்டிப்போட்ட இன்ஜின்

பைக் ஓட்ட ஆள் இருந்தால் இன்ஜினைப் பந்தயத் தடத்திலேயே சோதித்துக்கொள்ளலாம். எனக்கு ஆள் இல்லை. அதனால்தான் இன்ஜினை மட்டும் தரையோடு கட்டி ஓட்டிப் பார்க்க இந்த ஸ்டாண்டு.

போன வருஷம் வரை என் தம்பி நான் கட்டிய இன்ஜினில்தான் ரேஸ் ஓட்டினான். பிறகு பெரிய டீம் ஒன்று கூப்பிட்டது, போய்விட்டான். போகாதே என்று சொல்ல எனக்கென்ன பைத்தியமா? போய் நன்றாக இரு என்றுதான் சொன்னேன். சொல்லிவிட்டு ஷெட்டுக்குள் வந்து ஸ்பேனரை விட்டெறிந்தேன், அது வேறு விஷயம்.

போன மாதம் அவனே போன் செய்தான்.

"அண்ணா, எங்க இன்ஜின் ஆளு வேலையை விட்டுட்டாரு. உன்னைப் பத்தி முதலாளிகிட்ட சொல்லியிருக்கேன். ஒரு ரேஸ் நேரம் முழு வேகத்துல உன் இன்ஜின் நின்னு ஓடுற வீடியோ காட்டினா போதுமாம். அதையும் எடுத்துக்குவாங்க, உன்னையும் கூப்பிட்டுக்குவாங்க."

உன்னையும் என்றான். அந்த ஒரு சொல்லுக்காக அன்றைக்கே இரும்பு வாங்கக் கிளம்பினேன்.

கழித்துப் போட்ட லாரிச் சட்டத்தை வெட்டி, கால் வைத்துப் பற்றவைத்து, தரையோடு போல்ட் போட்டு முடுக்கினேன். அதன் மேல் இன்ஜின். பக்கத்தில் ஒரு பழைய பிஸ்டன் தண்ணீர் பம்பு, இரண்டுக்கும் நடுவே செயின். பம்பு தொட்டித் தண்ணீரை உறிஞ்சித் தொட்டிக்கே திருப்பிவிடும். வெளியேறும் வால்வை இறுக்க இறுக்க, மேட்டில் ஏறுகிற வண்டி மாதிரி இன்ஜினுக்குப் பாரம் கூடும். பேச்சுத் துணைக்கு ஆளில்லாமல் போல்ட்டோடு பேச ஆரம்பித்திருந்தேன். "ஏறித் தொலையேன்டா" என்பேன். அது திருப்பித் திட்டாதது ஒன்றுதான் குறை.

பக்கத்துக் கடை தையல்காரர் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"கட்டிப் போட்டுட்டு ஓடு ஓடுன்னா அது எங்கங்க ஓடும்?"

"உங்க மெஷின் மட்டும் ஊரைச் சுத்திட்டா வருது?"

சிரித்தார். "கூட ஒரு கை வேணும்னா கூப்பிடுங்க."

"எதுக்குங்க? தனி ஆளா ஓட்டத்தான் கட்டியிருக்கேன்" என்றேன் வீம்பாக. அப்படித்தான் நம்பியும் இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போனை ஜன்னலில் சாய்த்து வைத்து வீடியோவை ஓடவிட்டேன். இன்ஜினைக் கிளப்பி, ஆக்சிலேட்டரை முழுதாகத் திறந்து அப்படியே நிற்கும்படி திருகி இறுக்கிவிட்டு, வால்வில் கை வைத்தேன். கூரைத் தகரமெல்லாம் அதிர்ந்தது. ஆனால் இன்ஜின் சத்தத்தில் ஒரு தட்டல் இல்லை, ஒரு திணறல் இல்லை. இனி தம்பியும் நானும் பழையபடி ஒரே வேனில் ரேஸுக்குப் போவோம் என்று நினைத்துக்கொண்டேன்.

முக்கால்வாசி நேரம் ஓடியிருக்கும். அதிர்வில் உறிஞ்சு குழாய் தொட்டியை விட்டு நழுவி வெளியே விழுந்தது. பம்புக்குத் தண்ணீர் இல்லை, இன்ஜினுக்குப் பாரம் இல்லை. வேகம் கண்டபடி எகிறியது.

நான் தலையை ஆட்டினேன்.

இத்தனை வருஷமும் எங்கள் வழக்கம் அது. எந்த வண்டியைக் கிளப்பினாலும் வலப்பக்கம் நான், இடப்பக்கம் தம்பி. நான் முறுக்குவேன், அவன் அணைப்பான். அந்தச் சத்தத்தில் பேச்சு எடுபடாது, நான் தலையாட்டினால் அணைத்துவிடுவான். ஆட்டிய பிறகுதான் எனக்கே உறைத்தது. அணைக்கிற ஸ்விட்சை இடப்பக்கக் கோடியில் மாட்டியிருக்கிறேன். நானே அளந்து, நானே துளை போட்டு, நானே வயர் இழுத்து, என் கைக்கு எட்டாத இடத்தில். அங்கே யாரும் இல்லை.

இறுக்கிய ஆக்சிலேட்டரைத் தளர்த்த நேரமில்லை, சுற்றுகிற செயினைத் தாண்டவும் முடியாது. சுற்றிக்கொண்டு ஓடினேன். ஸ்விட்சைத் தொடுவதற்குள் இன்ஜின் வெடித்த மாதிரி ஒரு சத்தம் போட்டு நின்றுவிட்டது. அடியில் எண்ணெய் கொட்டிக் கிடந்தது, அதில் இரும்புத் துண்டுகள்.

தரையிலேயே உட்கார்ந்து தம்பியைக் கூப்பிட்டேன்.

"ஓடுச்சாண்ணா?"

"இல்லடா. பொத்துக்கிட்டுப் போயிடுச்சு. இனி எதுக்கும் ஆகாது."

"ஐயோ, நீ ஏன் அணைக்கல?"

"ஸ்விட்சை உன் பக்கம் வச்சுட்டேன்டா."

வேறு யாராவது என்றால் முட்டாள் என்று திட்டியிருப்பார்கள். அவன் திட்டவில்லை. "அண்ணா" என்று ஏதோ சொல்ல வந்தான். அதற்குள் அவன் பக்கத்தில் ஒரு இன்ஜின் கிளம்பியது, யாரோ அவனைக் கூப்பிட்டார்கள்.

"இதோ வந்துட்டேன்" என்றான்.

ஒரு நொடி, என்னிடம்தான் சொல்கிறான் என்று நினைத்துவிட்டேன்.