பச்சை விளக்கு

வயிற்றில் பிள்ளை உதைக்கும்போதெல்லாம் சுரேகா போனிலிருந்த ஆப்பைத் தட்டுவாள். ஒரு நாளில் பத்து சேர்ந்தால் பச்சை எரியும். சேராவிட்டால் உடனே ஆவடி ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருந்தார் டாக்டரம்மா.

இன்று மத்தியானம்வரை மூன்றுதான். கண்ணயர்ந்து எழுந்து பார்த்தால் பச்சை எரிகிறது.

"யோவ், இத யாரு தொட்டா?"

கணவன் ஜெகன் சிரித்தான். "நான்தான். நம்பரப் பாத்து பயந்துகினே கீறியேன்னு தட்டி உட்டேன்."

சுரேகா சர்க்கரைத் தண்ணீர் குடித்து இடப்பக்கம் படுத்தாள். உள்ளே எதுவும் அசையவில்லை.

"நேத்து பச்சையப் பாத்துட்டு நிம்மதியா தூங்கினேனே, அதுவும் நீதானா?"

ஜெகனின் சிரிப்பு நின்றது. பைக் சாவியைத் தேடினான். சாவி அவன் கையில்தான் இருந்தது.